சும்மா இருக்கும் முகமும் ‘என்ன கோபம்?’ என்ற கேள்வியும்

கேள்வி: நான் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன். “என்ன, கோபமா?” என்று தினமும் யாராவது கேட்டுவிடுகிறார்கள். என் முகத்தில் அப்படி என்னதான் கோளாறு?

பதில்: கோளாறு ஒன்றும் இல்லை. கோபப்படும்போது யாருக்கும் புருவம் இறங்கும், உதடு இறுகி மெலியும். சிலருக்கு இயல்பிலேயே புருவம் கண்ணை ஒட்டித் தாழ்ந்திருக்கும், வாயோரம் லேசாகக் கீழே வளைந்திருக்கும். ஒரு தசைகூட அசையவில்லை. ஆனாலும் பார்ப்பவர் முக அமைப்பையே கோபம் என்று எடுத்துக்கொள்கிறார். ‘உம்மணாமூஞ்சி’ பட்டம் கிடைப்பது இப்படித்தான்.

கேள்வி: பார்த்த மாத்திரத்தில் எடைபோட்டுவிடுவார்களா?

பதில்: ஒரு நொடிகூட ஆகாது. வில்லிஸ், டோடரோவ் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாவம் எதுவும் காட்டாத முகங்களின் படங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். இவர் நம்பத்தக்கவரா, திறமைசாலியா என்று அதற்குள் மனதில் பட்டது, ஆற அமரப் பார்த்தவர்கள் சொன்னதோடு பெருமளவு ஒத்துப்போனது. கூடுதல் நேரம் கொடுத்தபோது, சொன்னதன் மேல் இருந்த உறுதிதான் கூடியது. ஒத்துப்போனது என்பதால் கணிப்பு சரி என்று ஆகிவிடாது. பத்துப் பேர் சேர்ந்தும் தப்பாகச் சொல்லலாம்.

கேள்வி: சரி, எந்நேரமும் சிரித்த முகமாக இருக்கப் பழகட்டுமா?

பதில்: வேண்டாம், கன்னம்தான் வலிக்கும். கண்ணைச் சுற்றியுள்ள தசை சேராத சிரிப்பு ஒட்டவைத்தது போலத் தெரியும். பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்.

சும்மா இருக்கும்போது முகம் எப்படியும் இருக்கட்டும். ஒருவர் வந்து பேச்சைத் தொடங்கும் அந்தக் கணம்தான் முக்கியம். புருவத்தைச் சற்று உயர்த்துங்கள், தலையாட்டுங்கள், ‘ம்’ கொட்டுங்கள். அப்புறம் முகம் பழையபடி போனாலும் பாதகமில்லை. அசையாத முகத்தைவிட, பதில் வராத முகம்தான் மனிதரை உறுத்துகிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரோனிக் 1970களில் செய்த சோதனை இதற்கு நல்ல உதாரணம். குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சட்டென்று எந்தப் பாவமும் காட்டாமல் உட்கார்ந்துவிடுவார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும். எதுவும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், சில குழந்தைகள் அழுதுவிடும். பெரியவர்கள் நாம் அழுவதில்லை. ‘சரியான திமிர்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

கேள்வி: வீடியோ காலில் மட்டும் நான் மிரட்டுவது போல இருக்கிறேனாம்!

பதில்: தலையைத் தாழ்த்திப் பார்க்கிறீர்களா? அப்படிப் பார்த்தால் புருவம் இறங்கியது போலத் தோன்றி, முகத்துக்கு ஒரு அதட்டல் வந்துவிடும். கேமராவைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், போதும்.

கேள்வி: “கொஞ்சம் சிரியேன்” என்று பெண்களிடம் மட்டும் ஏன் சொல்கிறார்கள்?

பதில்: அதே முகம் ஆணிடம் இருந்தால் ‘கறாரான ஆள்’ என்பார்கள். குறை பார்ப்பவரின் எதிர்பார்ப்பில் இருக்கிறது. நீங்கள் திருத்திக்கொள்ள ஒன்றுமில்லை.

கேள்வி: அப்பா நன்றாகச் சிரித்துப் பேசுபவர். சில மாதங்களாக முகத்தில் எந்தப் பாவமும் இல்லை. எங்கள் மேல் வருத்தமா?

பதில்: இது வேறு விஷயம். புதிதாக வந்த மாற்றம் என்றால் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பார்க்கின்சன் நோயில் முகத்தசையின் அசைவு குறைந்துபோகும். மனச்சோர்விலும் முகம் வாடலாம். அதுவரை முகத்தைப் பார்த்து அவர் மனதை ஊகிக்காமல், வாயைத் திறந்து அவரிடமே கேட்டுவிடுங்கள்.