ஊசல் காட்டும் வேக இழப்பு

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், 100 கிராம் எடையுள்ள ஓர் அட்டைப் பெட்டியை 1 மீட்டர் நீளமுள்ள நான்கு நூல்களில் தொங்கவிட்டு, ரப்பர் பேண்ட் பூட்டிய பி.வி.சி. குழாயிலிருந்து டேபிள் டென்னிஸ் பந்தை அதற்குள் எய்து பார்த்தாள். குழாயின் வாயருகே வைத்தபோது பெட்டி 3.5 மில்லிமீட்டர் உயர்ந்தது. 2 மீட்டர் தள்ளி வைத்தபோது 2.1 மில்லிமீட்டர்தான் உயர்ந்தது. வேகத்தில் 40 சதவீதத்தைக் காற்று எடுத்துக்கொண்டது என்று சொல்லலாமா? பாடத்தில் காற்றுத் தடையைப் புறக்கணிக்கச் சொல்கிறார்களே?

வாசகி, வேளச்சேரி

பதில்: தங்கள் மகளின் அளவீடு நன்றாகவே இருக்கிறது, அதிலிருந்து எடுத்த முடிவைத்தான் திருத்த வேண்டும். ஊசல் எழும்பும் உயரம் வேகத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப மாறுவதால், உயரம் 40 சதவீதம் குறைந்திருந்தால் வேகம் 22 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் குறைந்திருக்கும். மில்லிமீட்டர் கணக்கில் உயரத்தை அளந்து கண்ணை வருத்திக்கொள்வதைவிட, பெட்டி கிடைமட்டமாக எவ்வளவு தள்ளிப்போகிறது என்று பின்னால் ஓர் அளவுகோலை வைத்துக் கைபேசியில் படம்பிடிப்பது மேல். சிறிய ஊசலாட்டத்தில் அந்த விலக்கம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தாங்கள் தந்த உயரங்களுக்கு அது முறையே 8.4 சென்டிமீட்டர், 6.5 சென்டிமீட்டர் என வரும்.

இந்தச் சோதனையின் அழகு இங்கேதான் இருக்கிறது. ஒரே பெட்டி, ஒரே பந்து, ஒரே நூல் என்பதால், இழப்பின் விகிதத்தை அறியப் பெட்டியின் எடையோ நூலின் நீளமோ தேவையே இல்லை, 6.5ஐ 8.4ஆல் வகுத்தால் போதும். உண்மையான வேகமே வேண்டுமென்றால் உந்தம் (எடையை வேகத்தால் பெருக்கிய அளவு) மாறா விதியைக் கொண்டு கணக்கிடலாம்: பந்தின் எடை 2.7 கிராம் என்று கொண்டால் குழாயின் வாயருகே வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர். ஆற்றல் மாறா விதியை மோதலுக்குப் பயன்படுத்திவிடக் கூடாது. மோதும்போது பந்தின் இயக்க ஆற்றலில் ஏறக்குறைய 97 சதவீதம் வெப்பமாகவும் ஒலியாகவும் கரைந்துபோகிறது.

பந்து பெட்டிக்குள்ளேயே தங்க வேண்டும் என்பது மிக முக்கியம். துள்ளித் திரும்பினால் பெட்டி உள்ளதைவிட அதிகமாக ஆடி, கணக்கையே கெடுத்துவிடும். உட்சுவரில் பழைய துண்டு ஒன்றை மடித்துத் தொங்கவிடுங்கள். இரண்டு மீட்டரில் பந்து ஏறக்குறைய கால் மீட்டர் கீழே இறங்கும் என்பதால், பெட்டியின் நடுவில் படும்படி குழாயை உயர்த்தி வையுங்கள். மின்விசிறியை நிறுத்தி, பிற்பகலில் கடற்காற்று நுழையும் சன்னலையும் சாத்திவிட்டு, ஒவ்வொரு தூரத்துக்கும் பத்து முறையாவது எய்து சராசரி எடுங்கள். எவரும் எதிரே நிற்க வேண்டாம். கோலிக்குண்டை எய்யவே வேண்டாம்.

பாடம் தடையைப் புறக்கணிப்பது கனமான பொருளுக்குப் பொருந்தும். சுமார் 160 கிராம் எடையுள்ள கிரிக்கெட் பந்து 2 மீட்டரில் ஒன்றரை சதவீத வேகத்தைக்கூட இழப்பதில்லை. டேபிள் டென்னிஸ் பந்தோ 40 மில்லிமீட்டர் விட்டத்துக்கு மிக லேசானது. காற்று அதை எளிதில் தடுத்துவிடுகிறது.

இதே வழியில்தான் ஆங்கிலேயரான பெஞ்சமின் ராபின்ஸ், துப்பாக்கிக் குண்டை வெவ்வேறு தூரங்களிலிருந்து கனமான ஊசலில் சுட்டு, காற்றுத் தடை அக்காலத்தவர் எண்ணியதைவிடப் பன்மடங்கு பெரியது என்று 1742இல் வெளியிட்டார். ஊசலின் அடியில் ஒரு நாடாவைக் கட்டி, அது எவ்வளவு இழுபட்டது என்பதைக் கொண்டு வீச்சை அளந்தார். சென்னைவாசிகள் அவரை நினைவில் வைத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு: கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக இங்கு வந்து, செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் அரண்களுக்குத் திட்டம் வகுத்த அவர், 1751இல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார்.

அடுத்து மகளைப் பெட்டியை 1 மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வேகங்களில் ஒவ்வொரு மீட்டரும் அப்போதிருக்கும் வேகத்தில் ஏறக்குறைய ஒரே பங்கை, அதாவது 12 சதவீதத்தை, எடுத்துக்கொள்ளும் என்பதால், விலக்கம் 7.4 சென்டிமீட்டரை ஒட்டி வர வேண்டும். வந்த அளவு எதுவாயினும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.