ஏனோதானோ மோடை இறக்கும் முன்பே இனம் காண்பது எப்படி?

கேள்வி: ஸ்கைரிம் கணினி விளையாட்டின் ஸ்பெஷல் எடிஷனில் 140 மோடுகள் (ரசிகர்கள் செய்து தரும் மாற்றக் கோப்புகள்) ஏற்றி விளையாடுகிறேன். ரிவர்வுட் கிராமத்தை நெருங்கினாலே கேம் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்கிறது. மோடுகளை இறக்கும் நெக்ஸஸ் மோட்ஸ் தளத்தில் இப்போதெல்லாம் பாதிக்குமேல் குப்பை என்கிறார்கள் நண்பர்கள். எதை நம்பி இறக்குவது? நானும் ரிவர்வுட்டில் 12 விளக்குக் கம்பங்கள் நட்டு ஒரு சின்ன மோட் செய்திருக்கிறேன். வெளியிட்டால் என்னையும் குப்பைக் கணக்கில் சேர்த்துவிடுவார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. மோட் பட்டியலையும் என் கோப்பையும் இணைத்திருக்கிறேன். என் கிராஃபிக்ஸ் கார்டு 6 ஜிபி. மானிட்டர் சாதாரண 1080பி.

பதில்: முதலில் கூச்சத்தை ஒதுக்கி வையுங்கள். சிறிய மோட் வேறு, ஏனோதானோ மோட் வேறு. உங்கள் பட்டியலிலேயே ஒரே ஒரு பிழையை மட்டும் திருத்தும் மோடுகள் ஏழெட்டு இருக்கின்றன. அவற்றில் சில, மொத்தப் பட்டியலிலும் கவனமாகச் செய்யப்பட்டவை. தான் எதைத் தொட்டோம் என்று செய்தவருக்கே தெரியாவிட்டால் அதைத்தான் நான் ஏனோதானோ என்பேன். அளவில் பெரிய மோடிலும் அது உண்டு.

உங்கள் நண்பர்கள் குப்பை என்பதில் பெரும்பகுதி, பாத்திரங்களின் முகத்தை மாற்றும் பிரீசெட்டும், திரையின் நிறத்தை மாற்றும் ரீஷேடு கருவிக்கான அமைப்பும். இவை வெறும் அமைப்புக் கோப்புகள். கண்ணை உறுத்தலாமே தவிர கேமைக் கெடுப்பதில்லை. பிடிக்கவில்லையென்றால் நெக்ஸஸ் கணக்கின் அமைப்புகளில் அந்தக் குறிச்சொற்களை மறைத்துவிடலாம். இவை ஏன் பெருகுகின்றன என்பதற்கு ஒரு காரணம் வெளிப்படை. 2018 முதல் அந்தத் தளம், எத்தனை பேர் இறக்கினார்கள் என்பதை வைத்து மோட் செய்பவர்களுக்கு நன்கொடைப் புள்ளிகள் வழங்குகிறது. பத்து வாள்களை ஒரே மோடாகத் தருவதைவிடப் பத்துப் பக்கமாகப் பிரித்துப் போட யாருக்கும் ஆசை வரும். ஆனால் எல்லோரும் புள்ளிக்காகச் செய்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். மோட் செய்ய உதவும் கிரியேஷன் கிட் என்ற கருவி 2012 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. பழகுபவர்களின் முதல் முயற்சிகளும் அங்கேதானே வந்து சேரும்?

கவலைப்பட வேண்டியவை வேறு. 2011இல் வந்த மூல ஸ்கைரிமுக்காகச் செய்த மோடை, 2016இல் வந்த ஸ்பெஷல் எடிஷன் பக்கத்தில் அப்படியே தூக்கிப் போடுவது ஒரு வகை. மோடின் மாற்றங்களைச் சுமக்கும் முதன்மைக் கோப்புக்கு பிளகின் என்று பெயர். பழைய கேமில் அதன் படிவ எண் 43. புதியதன் எண் 44. கிரியேஷன் கிட்டில் திறந்து மறுபடி சேமிக்காத கோப்பில் 43 என்றே நிற்கும். மோடுகளை நிர்வகிக்கும் மோட் ஆர்கனைசர் 2 பயன்படுத்தினால் அதுவே எச்சரிக்கும். உங்கள் பட்டியலில் இப்படி மூன்று இருக்கின்றன. கோப்பை ஒருமுறை திறந்து சேமிக்கக்கூடப் பொறுமை இல்லாதவர், உள்ளே இருக்கும் முப்பரிமாண உருவங்களைப் புதிய வடிவத்துக்கு மாற்றியிருப்பார் என்று நான் நம்பமாட்டேன். மூன்றையும் தூக்கிவிடுங்கள்.

அடுத்தது, செயற்கை நுண்ணறிவு கொண்டு ஊதிப் பெரிதாக்கிய 4கே டெக்ஸ்சர், அதாவது பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டும் படம். உங்களிடம் கரண்டிக்கும் கிண்ணத்துக்கும் அப்படி ஒரு தொகுப்பு இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 4096க்கு 4096 என்றால் சுமார் 1.68 கோடி பிக்சல். உங்கள் மானிட்டர் முழுவதுமே ஏறக்குறைய 20.7 லட்சம்தான். திரை மொத்தத்துக்கும் உள்ளதைப்போல எட்டு மடங்கு பிக்சல், மேசை ஓரத்தில் கிடக்கும் ஒரு மரக்கரண்டிக்கு! பிசி7 என்ற சுருக்க முறையில் அந்த ஒரு படம் 16 எம்பி. தொலைவுக்கான சிறிய பிரதிகளையும் சேர்த்தால் 21. மேடுபள்ளம் காட்டும் நார்மல் மேப்பும் அதே அளவில் இருந்தால் 42. இதையே 1கே அளவில் வைத்தால் மூன்று எம்பியைத் தாண்டாது. இத்தனை செலவழித்தும் மரத்தின் ரேகை பிளாஸ்டிக்கில் கீறியதுபோல இருக்கிறது. 6 ஜிபி கார்டில் இது வீண் சுமை.

மூன்றாவது, ஸ்கிரிப்ட், அதாவது கேமுக்குள் ஓடும் சிறு நிரல். பாப்பிரஸ் என்ற மொழியில் எழுதும் இந்த ஸ்கிரிப்டுகளுக்கு, திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும் (ஃபிரேம்) இயல்பாக ஒதுக்கப்படுவது 1.2 மில்லி விநாடி. எல்லா மோடும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நொடிக்கொரு தரம் எழுந்து 'ஏதாவது மாறியதா' என்று கேட்டுக்கொண்டே இருக்கும் ஸ்கிரிப்டை, வேலை இருக்கும்போது மட்டும் விழிக்குமாறு எழுதியிருக்கலாம். அதற்கு மெனக்கெடாதவர்களின் மோடை நீக்கிய பிறகும் அந்தக் கேள்வி சேவ் கோப்புக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே ஸ்கிரிப்ட் உள்ள எதையும் ஆட்டத்தின் நடுவில் கழற்றாதீர்கள்.

இனி, இறக்கும் முன்பு பக்கத்தைப் படிப்பது. படங்களை நம்ப வேண்டாம். அந்த அழகில் பெரும்பங்கு வேறொரு ஒளியமைப்பு மோடின் கைங்கரியமாக இருக்கும். பாராட்டு எண்ணிக்கையும் பல நேரம் மோடின் வயதைத்தான் சொல்லும். நான் நேராகக் கருத்துப் பகுதிக்குப் போவேன். 'இன்ன மோடுடன் மோதுகிறதே' என்று ஒருவர் கேட்டிருப்பார். 'ஆம், இருவரும் ஒரே இடத்தைத் தொடுகிறோம், ஏற்றும் வரிசையில் என்னுடையதைக் கீழே வையுங்கள்' என்று பதில் இருந்தால் அவர் தன் கோப்பை அறிந்தவர். 'எனக்கு நன்றாகத்தான் ஓடுகிறது' என்று மட்டும் இருந்தால் தாண்டிப் போய்விடுவேன். ஒரு கிராமத்தையே மாற்றியமைக்கும் மோட், எல்லாவற்றுடனும் ஒத்துப்போகும் என்று எழுதியிருந்தாலும் அப்படியே.

இறக்கிய பிறகு பிளகினின் பதிவுகளைக் காட்டும் எஸ்எஸ்இஎடிட் கருவியில் திறந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வாளின் கூர்மையை மாற்றும் மோடில் ஆயுதப் பதிவு மட்டும்தானே இருக்க வேண்டும்? கூடவே ஏதோ ஒரு குகையின் பதிவும் ஒரு பீப்பாயும் இருந்தால், செய்தவர் கிரியேஷன் கிட்டில் சும்மா சுற்றிப் பார்க்கும்போது கைபட்டு மாறியவை அவை. சொல்லப்போனால் கேமை உருவாக்கிய பெதஸ்தாவின் சொந்தக் கோப்புகளிலேயே இத்தகைய அழுக்கு உண்டு. மோடுகளை ஏற்றும் வரிசையை அமைக்கும் லூட் என்ற கருவி அதற்கும் எச்சரிக்கை காட்டுகிறது.

அதே கண்ணோடு உங்கள் விளக்குக் கோப்பையும் திறந்தேன். 12 கம்பங்களும் சரியாகவே இருக்கின்றன. கூடவே ஒரு பெஞ்ச் நகர்ந்திருக்கிறது, ஒரு மரம் சற்று உயர்ந்திருக்கிறது. கடைசியில் ஒரு நேவ்மெஷ் நீக்கப்பட்டிருக்கிறது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ரிவர்வுட்டில் கேம் மூடிக்கொள்வதற்கு என் முதல் சந்தேகம் உங்கள் மோட்மேல்தான்.

நேவ்மெஷ் என்பது ஊர்க்காரர்கள் எங்கே நடக்கலாம் என்று தரைமேல் விரித்த, கண்ணுக்குத் தெரியாத வலை. கம்பத்துக்குள் ஆட்கள் நுழைந்து நடப்பதைப் பார்த்து, பழைய வலையை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வரைந்திருக்கிறீர்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் பக்கத்து வலைகளும், ரிவர்வுட்டைத் தொடும் உங்களுடைய மற்ற இரண்டு மோடுகளும் பழைய வலையை அதன் எண்ணைச் சொல்லித்தான் தேடுகின்றன. தேடிய இடத்தில் அது இல்லையென்றால் கேம் விழுந்துவிடும். எஸ்எஸ்இஎடிட்டில் நீங்கள் வரைந்த வலையின் எண்ணைக் குறித்துக்கொண்டு, நீக்கப்பட்ட பதிவை எடுத்துவிட்டு, புதியதற்குப் பழைய எண்ணைக் கொடுங்கள். பெஞ்ச், மரம் இரண்டின் பதிவுகளையும் நீக்கிவிடுங்கள்.

பிறகு மோட் ஆர்கனைசரில் தனி புரொஃபைல் ஒன்று திறந்து, உங்கள் மோடை மட்டும் ஏற்றி, முதல் மெனுவிலேயே கன்சோலை (கட்டளை தட்டும் பெட்டி) திறந்து சிஓசி ரிவர்வுட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். நேரே கிராமத்தில் இறங்குவீர்கள். அங்கே தாக்குப்பிடித்தால் மற்ற இரண்டு ரிவர்வுட் மோடுகளையும் ஒவ்வொன்றாகச் சேருங்கள். அப்போதும் விழுந்தால் கேம் விழுவதைப் பதிவுசெய்யும் கிராஷ் லாகர் நிறுவி, அது எழுதும் அறிக்கையில் எந்த பிளகினின் பெயர் வருகிறது என்று பாருங்கள்.

சரியானதும் தாராளமாக வெளியிடலாம். விளக்கத்தில் எந்த வலையைத் திருத்தினீர்கள், எந்த மோடுகளோடு சோதித்தீர்கள் என்று இரண்டு வரி இருந்தால் போதும். கோப்பை இஎஸ்எல் குறியுடன், அதாவது இலகு பிளகினாகத் தாருங்கள். முழு பிளகினுக்கு உள்ள 254 இடங்களில் ஒன்றை விளக்குக்காகச் செலவிட யாருக்கும் மனம் வராது, இலகு வகைக்கு 4096 இடம் இருக்கிறது. ஆனால் அந்தக் குறியை இட்டால் பதிவுகளின் எண்கள் மாறக்கூடும், ஆகவே வெளியிடுவதற்கு முன்பே இட்டுவிடுங்கள்.