இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

கேள்வி: எங்கள் அப்பத்தா இதயத்துக்கு டிகாக்சின் மாத்திரை சாப்பிடுகிறார். அது ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியிலிருந்து எடுப்பதாமே? மாத்திரையை நிறுத்திவிட்டு, வளவில் தொட்டி வைத்து அந்தச் செடியையே வளர்த்துக் கஷாயம் போட்டுக் கொடுத்தால் என்ன? மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காதே!
– வாசகி, தேவகோட்டை

பதில்: அப்பத்தா மேல் உங்களுக்கு என்ன கோபம்?

செடியிலிருந்து வருவது நிஜம்தான். இங்கிலாந்தில் ஒரு கிழவி ரகசியமாக வைத்திருந்த கஷாயத்தில் இருபது மூலிகைக்கு மேல் இருந்தன. அதில் நீர்வீக்கத்தை வடிய வைத்தது இந்த இலைதான் என்று கண்டுபிடித்த வில்லியம் விதரிங் என்ற மருத்துவர், 1785-இல் தனிப் புத்தகமே போட்டார். அளவு மீறியவர்கள் வாந்தி எடுத்ததையும், பார்த்ததெல்லாம் பச்சையாக, மஞ்சளாகத் தெரிந்ததையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பருவத்துக்குப் பருவம் இலையின் வீரியம் மாறுகிறதே என்பதுதான் அவருக்குப் பெரிய தலைவலி. அந்தத் தலைவலிக்குத்தான் மாத்திரை வந்தது. இன்றைய டிகாக்சின் அந்தச் செடியின் பங்காளி ஒன்றிலிருந்து எடுக்கப்படுகிறது. மாத்திரை ஒன்றில் 0.25 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்குள் (நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) நின்றால் மருந்து, 2-ஐத் தாண்டினால் பெரும்பாலும் நஞ்சு. உங்கள் கஷாயச் சட்டியில் இதை எந்தக் கரண்டியால் அளப்பீர்கள்?

நல்லவேளை, அது குளிர்தேசத்துச் செடி. தேவகோட்டை வெயிலில் பிழைப்பது கஷ்டம். "அரளிக்கும் அதே குணம்தான்" என்று யாராவது கிளப்பிவிடுவார்களோ என்பதுதான் என் பயம். குணம் அதே வகைதான், அதனால்தான் மஞ்சள் அரளிக் கொட்டையைத் தின்றவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகிறது. அரளி அம்மன் மாலையோடு நிற்கட்டும்.

கேட்க வேண்டிய கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. அப்பத்தா இருமலுக்கு அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொள்கிறாரா? மலச்சிக்கலுக்கு நிலாவரைப் பொடி உண்டா? நாள்கணக்கில் எடுத்தால் இரண்டுமே உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். நீர் பிரிய டாக்டர் கொடுக்கும் சில மாத்திரைகளும் அப்படித்தான். பொட்டாசியம் குறைந்தால், சரியான அளவு டிகாக்சினே நஞ்சாகத் திரும்பும். இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. வயதானவர்களுக்கு அது தளர்ந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொட்டலங்கள் அத்தனையையும் பையில் போட்டு, அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். சாப்பாடு வேண்டாம் என்கிறார், குமட்டுகிறது, வெள்ளைச் சேலை மஞ்சளாகத் தெரிகிறது, நாடி மெதுவாகிவிட்டது – இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே கூட்டிப் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.