டைமிங் குறி தேய்ந்துவிட்டால்...

கேள்வி: ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினின் ஃப்ளைவீலில் டைமிங் குறி அழிந்துவிட்டது. ப்ளக் துளையில் ஸ்க்ரூடிரைவர் விட்டுப் பார்த்தால், டி.டி.சி. (பிஸ்டன் உச்சியை எட்டும் நிலை) ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வருகிறது. என்ன செய்வது?

பதில்: ஸ்க்ரூடிரைவரை நம்பாதீர்கள். உச்சியருகே கிராங்க் சில டிகிரி சுழன்றாலும் பிஸ்டன் அசைவதே தெரியாது. ப்ளக் துளையில், முனை மழுங்கிய பிஸ்டன் ஸ்டாப்பரை முறுக்குங்கள். ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுழற்றி, பிஸ்டன் முட்டியதும் இன்ஜின் உடலிலுள்ள முள்ளுக்கு நேரே ஃப்ளைவீலில் கோடு போடுங்கள். எதிர்த்திசையில் சுழற்றி, மீண்டும் முட்டுமிடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய வளைவின் நடுப்புள்ளிதான் சரியான டி.டி.சி. ஸ்டாப்பர் உள்ளே இருக்கையில் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது, பிஸ்டன் ஓட்டையாகும்.

அடுத்து, தீப்பொறிக் குறி. டி.டி.சி.க்கு எத்தனை டிகிரி முன்பு தீப்பொறி வர வேண்டும் என்பதைக் காட்டும் கோடு இது. ஃப்ளைவீல் விட்டத்தை 3.1416 ஆல் பெருக்கி 360 ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கான நீளம் கிடைக்கும். 200 மி.மீ. விட்டத்துக்கு அது 1.745 மி.மீ.; 10 டிகிரி என்றால் 17.5 மி.மீ. காகிதப் பட்டையை விளிம்போடு ஒட்டி அளக்கவும். எத்தனை டிகிரி என்பதை இன்ஜின் கையேட்டில் பாருங்கள்.

பலர் தவறுவது திசையில்தான். இன்ஜின் சுழலும் திசையில், டி.டி.சி. கோட்டுக்கு முன்னால் இந்தக் குறி இருக்க வேண்டும். முள்ளை அதுவே முதலில் கடக்கும். மாற்றிப் போட்டால் தீப்பொறி தாமதமாகி, இழுவை குறையும், இன்ஜின் கொதிக்கும்.

ஃபோர் ஸ்ட்ரோக் என்றால், இரு வால்வுகளும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் சுற்றில்தான் பாயிண்ட்டை (திறக்கும் கணத்தில் தீப்பொறியைத் தூண்டும் மின்தொடர்பு) சரிபார்க்க வேண்டும்.