மூக்கோரத் தோல் மடிப்புக்கு இப்போதே ஆபரேஷனா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்றரை வயது. இரண்டு கண்களிலும் மூக்கோரத்தில் தோல் மடிந்து மூலையை மூடியிருக்கிறது. பார்ப்பவர்கள் மாறுகண் என்கிறார்கள். மாமியார், "மாறுகண் அதிர்ஷ்டம், விட்டுவிடு" என்கிறார். ஓசூர் நாத்தனாரோ பெங்களூரில் ஆபரேஷன் செய்து மூலையைத் திறந்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: இப்போது வேண்டாம், அம்மா. அந்த மடிப்பு மூக்குப்பக்க வெள்ளை விழியை மறைப்பதால், நேராக இருக்கும் கண்கூட உள்ளே திரும்பினாற்போலத் தெரியும். மூக்குத்தண்டின் தோலை இரு விரலால் லேசாகக் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள், மடிப்பு விலகும். அப்புறம் கொஞ்சம் தள்ளி நின்று டார்ச் அடியுங்கள். குழந்தை அதைப் பார்க்கும்போது இரு கருவிழிகளிலும் ஒளிப்புள்ளி ஒரே இடத்தில் விழுந்தால் பெரும்பாலும் மாறுகண் இல்லை. மூக்குத்தண்டு உயர உயர மடிப்பும் தளர்ந்துவிடும்.

ஆனால் மடிப்பும் நிஜ மாறுகண்ணும் ஒரே குழந்தைக்கு இருக்கலாம். அதனால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள். சொட்டு மருந்து போட்டுக் கண்ணின் பவரையும் பார்ப்பார்கள். அதிர்ஷ்டம் என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு வருத்தமும் கோபமும் வருகிறது. திரும்பிய கண் தரும் காட்சியை மூளை ஒதுக்கிவிடும்; பார்வை மங்கிப்போகும். சிறு வயதிலேயே சிகிச்சைக்கு வந்தால் கண்ணாடியாலும், நல்ல கண்ணை மூடிவைப்பதாலும் பெருமளவு மீட்கலாம்.

ஆபரேஷனில் தோலை இசட் வடிவில் வெட்டி இடம் மாற்றித் தைப்பார்கள். அந்தச் சின்ன மூலையில்தான் கண்ணீர் வடியும் நுண்குழாய்கள் இருக்கின்றன, இமையை எலும்போடு பிடித்திருக்கும் தசைநாரும் இருக்கிறது. தழும்பு தடித்தால் முகத்தின் நடுவிலேயே தெரியும். தானாகப் போகக்கூடிய மடிப்புக்காக இதையெல்லாம் ஒரு குழந்தைக்குச் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆபரேஷன் தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு. பிறவியிலேயே கண் குறுகி, மேல் இமை தொங்கி, கீழ் இமையிலிருந்து மடிப்பு மேலேறி, இரு கண்களின் உள்மூலைகளும் விலகியிருக்கும். அவர்களுக்கு வழக்கமாக 3 முதல் 5 வயதுக்குள் மூலையைச் சரிசெய்து, பிறகு இமையைத் தூக்குவார்கள். இமை கண்மணியை, அதாவது கண்ணின் நடுக் கருப்பு வட்டத்தை, மறைத்தால் இன்னும் முன்னதாகவே. எந்தக் குழந்தைக்கானாலும் போட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

போகும்போது குழந்தையின் பழைய போட்டோக்களையும், அப்பா வழி, அம்மா வழி உறவினர் படங்களையும் எடுத்துப் போங்கள். குறுகிய கண் பரம்பரையாக வரும் என்பதால் டாக்டர் கட்டாயம் கேட்பார்.