பிரபலமான ராக் குழு உடைந்தபின் அதன் பாடகர் புதுக் குழு ஆரம்பித்தால், அது பழைய குழுவின் நிழலில்தானே கிடக்கும்? தப்பித்த குழு ஏதாவது உண்டா?

உண்டு. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆடியோஸ்லேவ். சவுண்ட்கார்டன் கலைந்ததால் தனியாக நின்ற அதன் பாடகர் கிறிஸ் கார்னெலும், ரேஜ் அகைன்ஸ்ட் த மெஷினில் பாடகர் விலகியதால் குரல் இல்லாமல் நின்ற மூன்று பேரும் 2001-இல் ஒன்று சேர்ந்து உருவாக்கிய குழு. 2007 வரை இருந்தார்கள், மூன்று ஆல்பம் போட்டார்கள். நிழலில் மாட்டிக்கொள்ள இவர்களுக்கு இருந்த அளவுக்குக் காரணங்கள் வேறு யாருக்கும் இருந்திருக்காது. ஒன்றல்ல, இரண்டு பழைய குழுக்களின் ரசிகர்களும் ஒப்பிட்டுப் பார்க்கக் காத்திருந்தார்கள். அதையும் மீறி ஆடியோஸ்லேவுக்கென்று ஒரு ஒலி உருவானது. என் நெஞ்சுக்கு மிக நெருக்கமான குழு என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்த மாதிரிக் குழுக்கள் பெரும்பாலும் எங்கே சறுக்குகின்றன என்பதற்குப் பால் மெக்கார்ட்னியையே எடுத்துக்கொள்ளலாம். பீட்டில்ஸ் முடிந்ததும் 1971-இல் அவர் விங்ஸ் குழுவைத் தொடங்கினார். 1972 பிப்ரவரியில் முன்னறிவிப்பே இல்லாமல் வேனில் கிளம்பி, பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் போய் இறங்கி, அங்கேயே கேட்டு இடம் வாங்கி வாசித்தார்கள். ஒரு பீட்டில்ஸ் பாட்டுகூடப் பாடவில்லை. உலகத்திலேயே புகழ்பெற்ற பாடகர் இப்படி முதல் படியிலிருந்து ஆரம்பித்ததை நான் உண்மையாகவே மதிக்கிறேன். ஆனால் உடன் வாசித்தவர்கள் வாரச் சம்பளத்துக்குத்தான் வாசித்தார்கள். 1973-இல் ஆல்பம் பதிவு செய்ய நைஜீரியாவின் லாகோஸ் கிளம்பும் நேரத்தில் கிட்டாரிஸ்ட் ஹென்றி மெக்கலோவும் டிரம்மர் டென்னி சைவெலும் விலகிவிட்டார்கள். மெக்கார்ட்னி, மனைவி லிண்டா, டென்னி லெய்ன் மூவரும்தான் போனார்கள். டிரம்ஸையும் மெக்கார்ட்னியே வாசித்தார். அங்கே உருவான 'பேண்ட் ஆன் த ரன்' அருமையான ஆல்பம், அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. இருந்தாலும் விங்ஸ் கடைசி வரை மெக்கார்ட்னியும் அவரோடு வாசிப்பவர்களும் என்றுதான் இருந்தது. யார் வந்தாலும் போனாலும் குழுவின் மையம் மாறவில்லை.

ஆடியோஸ்லேவ் வேறுபட்டது இந்த இடத்தில்தான். அந்த மூன்று பேரும் கார்னெலுக்குப் பின்னணி வாசிக்க வந்தவர்கள் அல்ல. கார்னெலும் காலியாக இருந்த ஒரு நாற்காலியை நிரப்ப வந்தவர் அல்ல.

சவுண்ட்கார்டன் முடிந்த விதம் வருத்தமானது. 1997 பிப்ரவரியில் ஹோனலூலு மேடையில் பேஸ் கிட்டாரிஸ்ட் பென் ஷெப்பர்டின் கருவிகள் சரியாக வேலை செய்யவில்லை. அவர் ஆத்திரத்தில் கிட்டாரைத் தூக்கி எறிந்துவிட்டு மேடையை விட்டு வெளியேறினார். மற்றவர்களும் உள்ளே போனார்கள். பிறகு கார்னெல் தனியாகத் திரும்பி வந்து பாடி நிகழ்ச்சியை முடித்தார். ஏப்ரலில் குழு கலைந்ததாக அறிவிப்பு வந்தது. 1999-இல் அவர் ஒரு தனி ஆல்பம் போட்டார். மென்மையான, நல்ல ஆல்பம். ஆனால் சவுண்ட்கார்டன் எட்டிய கூட்டத்தை அது எட்டவில்லை.

2000 அக்டோபரில் ரேஜ் குழுவிலிருந்து பாடகர் ஸாக் டி லா ரோச்சா விலகினார். கிட்டாரிஸ்ட் டாம் மொரெல்லோ, பேஸ் வாசிக்கும் டிம் காமர்ஃபோர்ட், டிரம்மர் பிராட் வில்க் மூவரும் சேர்ந்தே இருப்பது என்று முடிவெடுத்துப் பாடகரைத் தேடினார்கள். அப்போது கார்னெலின் பெயரைச் சொன்னவர் தயாரிப்பாளர் ரிக் ரூபின். சொன்னதோடு நிற்காமல் 'ஸ்லேவ்ஸ் அண்ட் புல்டோசர்ஸ்' என்ற சவுண்ட்கார்டன் பாடலை அவர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். ஏறக்குறைய ஏழு நிமிடப் பாடல். கனமான, மெதுவான ரிஃப் (திரும்பத் திரும்ப வாசிக்கும் சிறு கிட்டார் துணுக்கு) ஒன்று சுற்றிச் சுற்றி வரும், அதன் மேல் கார்னெலின் குரல் தாழ்வாகத் தொடங்கிக் கூரையைப் பிளக்கும் உயரத்துக்குப் போகும். வானொலியில் ஓடிய ஹிட் பாடல்களை விட்டுவிட்டு ரூபின் இதைத் தேர்ந்தெடுத்ததில்தான் அவருடைய காது தெரிகிறது. அந்த மூவருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: தாங்கள் வாசிக்கும் எடைக்கு மேலே ஒரு மெலடி நிற்குமா?

நின்றது. ஒத்திகையில் 19 நாட்களில் 21 பாடல்கள் எழுதியிருக்கிறார்கள். முதல் ஆல்பத்தில் வரிகள் கார்னெலுடையவை என்றும், இசை நான்கு பேருடையது என்றும் போட்டிருப்பார்கள். எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. பிரபலமான பாடகர் ஒருவர் உள்ளே வரும்போது இப்படி எழுதிக்கொள்ள மனசு வேண்டும்.

காதால் கேட்டால் வித்தியாசம் உடனே புரியும். டி லா ரோச்சாவின் குரலே ஒரு தாள வாத்தியம். ராப் பாணியில், சொற்களைச் சுத்தியலடி மாதிரி ரிஃபின் மேல் இறக்குவார். அதனால் ரேஜ் பாடல்களில் கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் ஒரே தாளத்தில் இறுகி நின்றால் போதும். கார்னெல் அப்படிப்பட்டவர் அல்ல, ஸ்வரங்களை இழுத்து, வளைத்து, ஒரே மூச்சில் மேலே ஏறுகிறவர். அவரை ராப் பண்ணச் சொல்லியிருந்தால் குழு முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை, அவரும் முயலவில்லை. மாறாக மற்ற மூவரும் தங்கள் வாசிப்பில் இடம் விட்டார்கள்.

'லைக் எ ஸ்டோன்' பாடலை நல்ல ஹெட்ஃபோனில் போட்டு, குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் கவனியுங்கள். சரணம் முழுவதையும் தூக்கிச் செல்வது காமர்ஃபோர்ட்தான். மொரெல்லோ ஓரமாக ஒதுங்கி நிற்கிறார். பல்லவியில்தான் எல்லோரும் கூடுகிறார்கள். பிறகு வரும் சோலோவில் மொரெல்லோ ஸ்வரத்தின் உயரத்தை மாற்றும் வேமி பெடலை மிதித்து ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி மேலே தாவவிட்டு இறக்குகிறார், கிட்டாரே விசும்புகிற மாதிரி இருக்கும். எல்லோரையும் இழந்துவிட்டுத் தனி வீட்டில் உட்கார்ந்து சாவுக்காகக் காத்திருக்கும் ஒரு கிழவரைப் பற்றிய பாட்டு இது. ரேஜ் குழுவில் இப்படி ஒரு பாட்டு வந்திருக்க வாய்ப்பில்லை. சவுண்ட்கார்டனில் வந்திருந்தாலும் இவ்வளவு காற்றோட்டமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

'கோச்சிஸ்' பாடல் நேர் எதிர். தூரத்தில் ஹெலிகாப்டர் வருவது போல ஒரு சத்தம் மெல்ல நெருங்கி வரும். அது ஹெலிகாப்டரும் இல்லை, கணினியும் இல்லை. மொரெல்லோ ஒரு பென்சிலால் கிட்டார் கம்பிகளைத் தட்டி, அந்தத் தட்டலை எக்கோ பெடல் வழியாக விட்டு உண்டாக்கியது. அப்புறம் ரிஃப் விழும், அதன் மேல் கார்னெல் கத்திக்கொண்டு நுழைவார். முதல் சிங்கிளாக இதை வெளியிட்டது சரியான முடிவு.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. இரண்டு பக்கமும் தனித்தனி மேலாளர்கள், தனித்தனி ஒப்பந்தங்கள். 2002 மார்ச்சில், முதல் ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே, கார்னெல் விலகிவிட்டார். அறிவித்திருந்த ஓஸ்ஃபெஸ்ட் என்ற ராக் இசைவிழாப் பயணமும் ரத்தானது. மே மாதம் அரைகுறை டெமோக்கள் (மாதிரிப் பதிவுகள்) இணையத்தில் கசிந்தன. வாரக்கணக்கில் சிரமப்பட்ட பிறகு இரு தரப்பும் தங்கள் பழைய மேலாளர்களை அனுப்பிவிட்டுப் பொதுவான நிர்வாகத்துக்கு ஒப்புக்கொண்டார்கள், கார்னெலும் திரும்பினார். பெயரிலும் சிக்கல். ஆடியோஸ்லேவ் என்ற பெயரை லிவர்பூலில் ஒரு குழு ஏற்கெனவே வைத்திருந்தது. 30,000 டாலர் கொடுத்து, இரு குழுவும் பயன்படுத்தலாம் என்று பேசி முடித்தார்கள். பெரிய குழு உடைந்தால் இசையைவிட இந்தக் காகித வேலைகள்தான் புதுக் குழுவை அதிகம் பலி வாங்கும். அதைத் தாண்டி வந்ததே பெரிய காரியம். 2002 நவம்பர் 25 அன்று நியூயார்க்கில் டேவிட் லெட்டர்மேனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக, அரங்கத்தின் உள்ளே அல்ல, எட் சல்லிவன் தியேட்டர் வாசலின் மேல்கூரையில் ஏறி நின்று பிராட்வே தெரு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்கள். அதுதான் அவர்களுடைய முதல் மேடை.

அப்போது விமர்சகர்கள் பலர் இதைக் கணக்குப் போட்டு ஒட்டவைத்த குழு என்றார்கள். இந்த இடத்தில் அவர்கள் எடுத்த ஒரு முடிவு, உங்கள் கேள்விக்கே நேரான பதில் என்று நினைக்கிறேன். ஆரம்ப வருடங்களில் மேடையில் சவுண்ட்கார்டன் பாட்டும் கிடையாது, ரேஜ் பாட்டும் கிடையாது. ரசிகர்கள் கத்திக் கேட்டிருப்பார்கள், பாடியிருந்தால் எளிதாகக் கைதட்டல் கிடைத்திருக்கும். இருந்தாலும் சொந்தப் பாடல்கள் தம் காலில் நிற்கட்டும் என்று காத்திருந்தார்கள். 2005-இல்தான் பழைய பாடல்கள் பட்டியலில் ஏறின. அந்த வருடம் மே 6 அன்று கியூபாவின் ஹவானாவில், ஹொசே மார்த்தி பெயரிலுள்ள ஏகாதிபத்திய எதிர்ப்புத் திடலில், இலவச நிகழ்ச்சி நடத்தினார்கள். பல்லாயிரக்கணக்கானோர் கூடினார்கள். அதன் டிவிடியில் கார்னெல் சவுண்ட்கார்டனின் 'பிளாக் ஹோல் சன்' பாடும்போது அது கடன் வாங்கிய பாட்டாகத் தெரியாது. அதற்குள் ஆடியோஸ்லேவுக்கென்று ஒரு மேடை நிறையப் பாடல்கள் சேர்ந்துவிட்டன. அதே மாதம் வந்த இரண்டாவது ஆல்பம் 'அவுட் ஆஃப் எக்ஸைல்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

பழையதை அடியோடு வெட்டிவிட்டும் ஜெயிக்கலாம். ஜான் லைடன் அதற்கு உதாரணம். 1978 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ நிகழ்ச்சியோடு, அவர் பாடிய பங்க் ராக் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் உடைந்தது. ஜானி ராட்டன் என்ற மேடைப் பெயரையே உதறி, சொந்தப் பெயருக்குத் திரும்பி, அதே வருடம் பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழுவை ஆரம்பித்தார். பங்க் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஜா வாபிளின் ஆழமான பேஸும் கீத் லெவீனின் கூரான கிட்டாரும்தான் கிடைத்தன. 1979-இல் வட்டமான உலோக டப்பாவில் மூன்று இசைத்தட்டுகளாக வந்த 'மெட்டல் பாக்ஸ்' இன்றும் புதிதாகக் கேட்கிறது. துணிச்சலில் ஆடியோஸ்லேவ் இதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் குழுவாக நிலைத்ததா என்றால், வருடங்கள் போகப் போக லைடனைத் தவிர ஆரம்பத்தில் இருந்த யாரும் மிஞ்சவில்லை.

ஆடியோஸ்லேவும் நிலைக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 2006-இல் மூன்றாவது ஆல்பம் வந்தது, அதற்காக அவர்கள் இசைப்பயணமே போகவில்லை. கார்னெல் தனிப் பாடல்கள் பக்கம் போய்க்கொண்டிருந்தார். 2007 தொடக்கத்தில் ரேஜ் மீண்டும் சேரப்போவதாக அறிவிப்பு வந்தது. பிப்ரவரியில், தீர்க்க முடியாத மனவேறுபாடுகளும் இசை வேறுபாடுகளும் காரணம் என்று கூறி, கார்னெல் விலகினார். நான்கு பேருக்கும் திரும்பிப் போக வேறொரு வீடு இருந்ததுதான் இதன் பலவீனம் என்று எனக்குத் தோன்றுகிறது. சம பங்காளிகள் என்றால், யாரையும் பிடித்து வைக்கவும் முடியாது. 2017 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மேடையில் நால்வரும் சேர்ந்து சில பாடல்கள் வாசித்தார்கள். அந்த மே மாதமே கார்னெல் மறைந்துவிட்டார். இன்னொரு ஆல்பம் வரும் என்று நம்பிக்கொண்டிருந்த என் போன்றவர்களுக்கு அந்தச் செய்தியை ஏற்கவே நாளானது.

இதுவரை கேட்டதில்லை என்றால் முதல் ஆல்பத்தை வரிசை மாற்றாமல் கேளுங்கள், அடுத்து ஹவானா நிகழ்ச்சியைப் பாருங்கள். மூன்றாவது ஆல்பமான 'ரெவலேஷன்ஸ்' பலரும் தாண்டிப் போய்விடுவது. பழைய ஃபங்க், சோல் வாசனை அடிக்கும் அந்த ஆல்பம்தான் நான்கு பேரும் மிக இயல்பாக வாசித்தது என்பேன். அதில் 'வைட் அவேக்' என்ற பாடலைத் தவறவிடாதீர்கள். கத்ரீனா புயலின்போது அமெரிக்க அரசு மக்களைக் கைவிட்டதைக் கண்டிக்கும் பாட்டு. ஆடியோஸ்லேவில் அரசியலே இல்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் ரேஜ் ரசிகர்கள் யாராவது உங்களோடு வாதிட வந்தால் இதைப் போட்டுக் காட்டுங்கள்.