கப்பல் புக்கெட்டில் இறக்காமல் திரும்பிவிட்டது. இழப்பீடு கேட்பது நியாயமா?

கேள்வி: குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து சொகுசுக் கப்பலில் போனோம். பினாங்கு பார்த்தாயிற்று. புக்கெட்டில் அலை அதிகம் என்று சொல்லி யாரையும் இறக்காமலே கிளம்பிவிட்டார்கள். துறைமுகக் கட்டணம் மட்டும் கணக்கில் திரும்ப வந்தது. தீவுகளைச் சுற்றிப்பார்க்க வெளி ஆளிடம் கட்டிய பணமும் போய்விட்டது. "ஒப்பந்தத்தைப் படிக்காதது உன் தப்பு" என்கிறார் கூட வந்த நண்பர். நிறுவனத்திடம் இழப்பீடு கேட்பது நியாயமா?

பதில்:

கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் புக்கெட்டுக்காக, கொடுத்ததற்கு மேல் பெரிதாக எதுவும் வராது. அதற்காக உங்கள் நண்பர் சொல்வது சரி என்றும் ஆகிவிடாது. அந்த ஒப்பந்தத்தை யாரும் படிக்கமாட்டார்கள் என்பது எழுதிய வக்கீலுக்கே தெரியும். நான் சில வருடங்கள் இந்த மாதிரிக் கப்பல்களில் கெஸ்ட் சர்வீஸ் மேசையில் வேலை பார்த்தவன். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். மேசைக்கு வரும் குறைகளில் எதற்கு பலம் உண்டு, எது வெறும் சத்தம் என்று ஓரளவு சொல்ல முடியும்.

முதலில் புக்கெட். பெரிய கப்பல்கள் பல சமயம் அங்கே படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலின் பக்கவாட்டில் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கதவைத் திறந்து, சின்ன மேடை போட்டு, டெண்டர் படகில் ஆட்களை ஏற்றிக் கரைக்கு அனுப்புவார்கள். படோங் மேற்கே திறந்த விரிகுடா. ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அலை நேராக உள்ளே வரும். பெரிய கப்பல் அசையாமல் நிற்பது மாதிரிதான் தெரியும். ஆனால் அதே நேரத்தில் மேடையை ஒட்டி நிற்கும் படகு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியை மூட்டுவலி உள்ள ஒரு பாட்டி தாண்ட வேண்டும், கைக்குழந்தையோடு ஒரு அம்மா தாண்ட வேண்டும். கேப்டன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பதினோராம் தளத்துப் பால்கனியிலிருந்து பார்த்தால் நல்ல வெயில், நீலக் கடல். "எங்கே சார் அலை?" என்று கேட்டுக்கொண்டு மேசைக்கு வந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, மேலேயிருந்து பார்த்தால் அது தெரியாது.

வானிலை காரணமாகத் துறைமுகத்தை மாற்றவோ விட்டுவிடவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று எல்லாக் கப்பல் ஒப்பந்தத்திலும் இருக்கும். இறங்காத துறைமுகத்தின் கட்டணமும் வரியும் திரும்ப வரும். கப்பல் மூலமாகவே சுற்றுலா எடுத்திருந்தால் அந்தப் பணமும் கேட்காமலே வந்துவிடும். வெளி ஆளிடம் எடுத்தால் மலிவுதான், ஆனால் கப்பல் வராவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்கும் அந்த ஆளுக்கும் உள்ள பேச்சு. இது உங்கள் பொறுப்பில் வருகிற பகுதி. இதைச் சொல்லத்தான் வேண்டும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: இதை யார் முன்கூட்டியே தெரிந்துகொண்டிருக்க முடியும், யார் தடுத்திருக்க முடியும்? பயணியால் முடியும் என்றால் பயணி பொறுப்பு. நிறுவனத்தால் மட்டும்தான் முடியும் என்றால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சண்டை போடலாம், போடவும் வேண்டும்.

மேசைக்கு வருகிற பெரும்பாலான குறைகள் முதல் வகை. போன் பில் ஒன்று. நடுக்கடலில் கப்பலுக்கென்று சொந்தமாக ஒரு மொபைல் நெட்வொர்க் செயற்கைக்கோள் வழியாக ஓடும். ஏரோப்ளேன் மோடில் போடாத போன் அதை நைசாகப் பிடித்துக்கொள்ளும். ஊரில் வாங்கிய சாதாரண ரோமிங் பேக் பெரும்பாலும் அதற்குச் செல்லாது. வீட்டுக்குப் போனபிறகு பில் பார்த்து அலறுவார்கள். அப்புறம் விசா. சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூரிலேயே இறங்குவதால் ஒரே நாடு என்று நினைத்துக்கொள்வார்கள். கப்பல் வெளியே போய்த் திரும்பினால் அது மறுநுழைவு. ஒருமுறை நுழையும் விசாவோடு வரும் இந்தியப் பயணியை ஏற்றமாட்டார்கள், கட்டிய பணமும் வராது. துறைமுகத்தில் பெட்டியோடு நின்று அழும் குடும்பங்களைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். அங்கே பாதித் தப்பு டிக்கெட் விற்ற ஏஜென்டுடையது என்பது என் கருத்து. ஆனால் அவர் கவுன்டரில் இருக்கமாட்டார்.

தாமதமாகத் திரும்புகிறவர்கள் தனி ரகம். கப்பல் புறப்படும் நேரத்துக்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னாலேயே எல்லாரும் ஏறியிருக்க வேண்டும். அந்த நேரம் தினமும் அறைக்கு வரும் தாளிலும் செயலியிலும் இருக்கும், இறங்கும்போது கேங்வே (ஏறி இறங்கும் பாலம்) பக்கத்தில் பலகையிலும் எழுதி வைத்திருப்பார்கள். அப்படியும் ஓடிவருவார்கள். மேல்தளத்தில் நின்று கைதட்டி வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே இருக்கும். 2024 மார்ச்சில் நார்வீஜியன் டான் கப்பல் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் எட்டுப் பயணிகளை விட்டுவிட்டுப் போனது உலகம் முழுக்கச் செய்தியானது. தனியார் சுற்றுலாவுக்குப் போனவர்கள், குறித்த நேரத்துக்கு வரவில்லை. அவர்களுடைய பாஸ்போர்ட்டுகளைத் துறைமுக ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டது. காம்பியாவில் பிடித்துவிடலாம் என்று போனார்கள், அங்கே கப்பலால் துறைமுகத்துக்குள் வர முடியவில்லை. கடைசியில் பல நாடுகளைத் தாண்டி செனகலின் டக்கார் நகரத்தில்தான் சேர்ந்தார்கள். கூட்டத்தில் முதியவர்களும் உடல்நலம் சரியில்லாதவர்களும் இருந்ததால் மக்கள் இரண்டாகப் பிரிந்து வாதாடினார்கள். விட்டுவிட்டுப் போனதில் தப்பில்லை என்பதுதான் என் கட்சி. கப்பலைத் துறைமுகத்திலிருந்து வழிகாட்டி வெளியே கொண்டுபோகும் பைலட் ஏறியாகிவிட்டது, அடுத்த துறைமுகத்தில் இடமும் நேரமும் குறித்தாகிவிட்டது, உள்ளே ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருக்கிறார்கள். கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் பொதுவாகக் காத்திருப்பார்கள், முடியாவிட்டால் தங்கள் செலவில் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். கூடுதல் விலை கொடுத்து வாங்குவது இந்த ஒரு பாதுகாப்பைத்தான். ஆனால் ஆளைக் கரையில் விட்ட பிறகு உதவுவதில் நிறுவனம் எவ்வளவு மெனக்கெட்டது என்பது வேறு கேள்வி. அதில் குறை சொல்ல அந்தப் பயணிகளுக்கு முழு உரிமை உண்டு.

பணம் போவதோடு நின்றால் பரவாயில்லை. ஒருவருடைய அலட்சியம் மற்றவர் உயிருக்கு வருவதுதான் மோசம். 2006 மார்ச்சில் ஜமைக்காவுக்கு அருகே ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் பால்கனியில் தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் பாழாயின, ஒரு பயணி இறந்தார். அணைக்காமல் எறிந்த சிகரெட்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்றது பிரிட்டிஷ் விசாரணை. அந்த பால்கனிகளில் எளிதில் தீப்பிடிக்கும் பொருட்களைப் பயன்படுத்தியிருந்ததும் அதே அறிக்கையில் வந்தது. எறிந்தவர் பயணி, தீ பரவ இடம் கொடுத்தது கட்டுமானம். அயர்ன் பாக்ஸையும் கெட்டிலையும் ஏறும்போதே பிடுங்கி வைப்பது ஏன் என்று கோபப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

வாந்திபேதியும் அப்படித்தான். நோரோ வைரஸ் வந்தவரை அறையிலேயே இருக்கச் சொல்வார்கள் என்று பயந்து, மருந்துக்கடை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஃபேக்கு வருகிறவர்கள் உண்டு. பிறகு அவர்களே "உணவு சரியில்லை, எல்லாருக்கும் வயிறு கெட்டுவிட்டது" என்று எழுதுவார்கள். வாசலில் தரும் ஆல்கஹால் ஜெல் இந்த வைரஸை ஒழுங்காகக் கொல்லாது, சோப்பு போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில் பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதமோ அதற்கு மேலோ இந்த நோய் வந்தால் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் கப்பலின் பெயரோடு இணையத்தில் போட்டுவிடும். நிறுவனம் மறைக்க முடியாது. பயணி மறைக்கலாம், மறைக்கிறார்.

சரி, அடுத்த பக்கம். 2013 பிப்ரவரியில் மெக்சிகோ வளைகுடாவில் கார்னிவல் டிரையம்ப் கப்பலின் இன்ஜின் அறையில் எரிபொருள் குழாய் கசிந்து தீப்பிடித்தது. மின்சாரம் போனது, கழிவறைகள் வேலை செய்யவில்லை, நாலாயிரத்துக்கும் அதிகமானவர்களோடு கப்பல் நாள்கணக்கில் மிதந்தது. கடைசியில் அலபாமாவின் மொபைல் துறைமுகத்துக்கு இழுத்து வந்தார்கள். இதில் பயணி என்ன செய்திருக்க முடியும்? ஒன்றும் இல்லை. அந்தக் கூச்சலுக்குப் பிறகுதான் அதே ஆண்டு மே மாதம் கப்பல் நிறுவனங்களின் சங்கமான சி.எல்.ஐ.ஏ. பயணிகள் உரிமைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. இயந்திரக் கோளாறால் பயணம் ரத்தானால் முழுப்பணம், பாதியில் முடிந்தால் அதற்கேற்ற பணம், கரையில் நிற்கும் கப்பலில் உணவு, தண்ணீர், கழிவறை இல்லாவிட்டால் இறங்கும் உரிமை, இப்படிப் போகும் அது. இயந்திரக் கோளாறு என்ற சொல்லைக் கவனியுங்கள். வானிலைக்கு அதில் இடமில்லை.

வானிலையாக இருந்தாலும் நிறுவனம் தப்பிக்க முடியாத சந்தர்ப்பம் உண்டு. 2016 பிப்ரவரியில் ஆன்தம் ஆஃப் த சீஸ் கப்பல் நியூ ஜெர்சியிலிருந்து கிளம்பி, முன்னறிவிப்பில் சொல்லியிருந்த புயலுக்குள்ளேயே போய்ச் சிக்கியது. பயணிகள் அறைக்குள் அடைந்து கிடந்தார்கள், கப்பல் பாதியில் திரும்பியது. அதன் நிறுவனமான ராயல் கரீபியன் முழுப்பணமும் கொடுத்து, அடுத்த பயணத்துக்குப் பாதிக் கட்டணமும் தள்ளுபடி செய்து, தங்கள் திட்டமிடலில் ஓட்டை இருந்தது என்றும் ஒப்புக்கொண்டது. புக்கெட்டில் இறக்காமல் வந்த கேப்டனும் புயலுக்குள் போன கேப்டனும் ஒன்றா? நியாயமாகப் பார்த்தால் உங்கள் கேப்டனுக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும், ஆனால் விடுமுறை கெட்டுப்போனவரிடம் அதைச் சொன்னால் அடிக்க வருவார்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், பலமான குறை உள்ளவர்கள் மேசைக்கே வருவதில்லை. ஈரத்தளத்தில் வழுக்கி விழுந்த பெரியவர், கப்பல் மருத்துவமனைக்குப் போனால் டாலரில் தீட்டிவிடுவார்கள் என்று தைலம் தடவிக்கொண்டு அறையில் படுத்துவிடுவார். ஊருக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு முறிவு. அதற்குப் பிறகு எழுதினால் எந்த ஆதாரமும் இருக்காது. விழுந்த அன்றே மருத்துவப் பதிவு, விபத்து அறிக்கையின் நகல், தளத்தின் போட்டோ, பார்த்தவர்களின் அறை எண், இவ்வளவும் வேண்டும். காலக்கெடுவும் உண்டு. அமெரிக்க நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் காயத்துக்கு ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவித்து, ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்றிருக்கும். எந்த ஊர் நீதிமன்றம் என்பதும் அதிலேயே இருக்கும். வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி லாஸ் ஏஞ்சலஸில் கப்பல் ஏறி, மெக்சிகோ கடலில் மனைவி வழுக்கி விழுந்த வழக்கில், ஒப்பந்தத்தில் எழுதியபடி ஃபுளோரிடாவில்தான் வழக்கு நடத்த வேண்டும் என்று 1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் இருபது பக்கமும் படிக்க வேண்டாம். காலக்கெடு, நீதிமன்றம், மருத்துவச் செலவு, இந்த மூன்று பத்திகளை மட்டும் தேடிப் படியுங்கள்.

பாதுகாப்புப் பயிற்சியையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு, ஆபத்து வந்தால் எங்கே கூடுவது என்று காட்டும் மஸ்டர் பயிற்சி மறுநாள்தான் என்று வைத்திருந்தார்கள். அப்போதைய விதி 24 மணி நேர அவகாசம் கொடுத்தது. பிறகு விதியை மாற்றி, கிளம்புவதற்கு முன்போ கிளம்பியவுடனோ நடத்த வேண்டும் என்றார்கள். அது அவர்கள் செய்ய வேண்டியது. இப்போது போனில் வீடியோ பார்த்துவிட்டு, குறித்த இடத்துக்குப் போய் அட்டையை ஸ்கேன் செய்தால் முடிந்தது. அதற்கும் மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வருவேன் என்கிறவர்கள், வேறு எந்தக் குறை சொன்னாலும் என் காதில் ஏறாது.

இன்னொன்று. துறைமுகம் விட்டுப்போன கோபத்தில் தினசரி டிப்ஸை நீக்கச் சொல்லி வரிசை நிற்கும். பெரிய நிறுவனங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் போல வரும். அது கேப்டனுக்கோ கம்பெனி முதலாளிக்கோ போவதில்லை. அறையைச் சுத்தம் செய்யும் பையன், சாப்பாடு பரிமாறுகிறவர், இவர்களுக்குப் போவது. அலையை அவர்கள் கிளப்பவில்லை. நீங்கள் நீக்கியிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் விஷயத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பயண இன்சூரன்ஸ் இருந்தால் பாலிசியை எடுத்துப் பாருங்கள். தவறிய துறைமுகத்துக்குப் பணம் தரும் பிரிவு சிலவற்றில் இருக்கும். அதற்கு, வானிலையால் இறக்கவில்லை என்று நிறுவனத்திடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள், கொடுப்பார்கள். தீவுச் சுற்றுலா ஆளிடம் அதே கடிதத்தைக் காட்டி, பணமாக இல்லாவிட்டாலும் வேறு தேதியாவது கேட்டுப் பாருங்கள். நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள், மிரட்டல் இல்லாமல், தேதியும் அறை எண்ணும் போட்டு. அடுத்த பயணத்துக்குச் சின்னத் தள்ளுபடி தந்தாலும் தருவார்கள். அடுத்த முறை புக்கெட்தான் முக்கியம் என்றால் பருவக்காற்று ஓய்ந்த டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் பாருங்கள். இல்லாவிட்டால் சிங்கப்பூரிலிருந்து விமானத்திலேயே போய்விடுங்கள், இரண்டு மணி நேரம்கூட ஆகாது.